பழைய மாஸ்ஸி 35-க்குக் கலப்பை பூட்டிய கதை

அப்பா விட்டுப்போன மாஸ்ஸி ஃபெர்குசன் 35 டிராக்டர் இன்னும் ஓடுகிறது, அதற்குத் தோதான கலப்பை கிடைப்பதுதான் பெரும்பாடு. முதலில் வேறு ஊர்க் கடையில் எல்லா டிராக்டருக்கும் சேரும் என்று சொல்லி மூன்று வட்டுக் கலப்பையைத் தலையில் கட்டிவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினால், கலப்பையை வண்டியோடு இணைக்கும் ஊசி நுழையவே இல்லை. என் வண்டியின் பின்னால் கலப்பையைத் தாங்கும் கீழ்க்கைகள் 22 மில்லிமீட்டர் ஊசிக்கானவை, கலப்பையில் இருந்ததோ 28. எரிச்சல்தான்.

அப்புறம்தான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு பட்டறைக்குப் போனேன். பெரியவர் விலையே பேசவில்லை, குனிந்து பின் டயர்களுக்கு நடுவே டேப் பிடித்து அளந்தார், மண் எப்படி என்று கேட்டார். பழைய ரப்பர் காடு, வேர் ஜாஸ்தி என்றேன். "தம்பி, நாப்பது குதிரைகூட இல்லாத வண்டி, மூணு வட்டு போட்டா மூக்கைத் தூக்கிடும். ரெண்டு போதும். வட்டுன்னா வேர் மேல ஏறி உருண்டு போயிடும், வளைஞ்ச தகடு வச்ச இறக்கைக் கலப்பைன்னா வேர்ல மாட்டிக்கும்" என்றார்.

மறுநாள் பசியாறிவிட்டுத் தோட்டத்துக்கே வந்தார். முதல் சால் ஓட்டியதும் வலது சக்கரத்தை அந்தச் சாலுக்குள் இறக்கச் சொல்லி, வண்டியின் வலது கீழ்க்கையை ஏற்றி இறக்கும் திருகுபிடியைச் சுற்றிச் சுற்றிக் கலப்பையை மட்டத்துக்குக் கொண்டுவந்தார், கலப்பையின் மேல்முனையைப் பிடிக்கும் மேல்கையையும் இரண்டு சுற்று குறைத்தார். அதன் பிறகு உழவு ஒரே ஆழத்தில் போனது.

அந்தப் பட்டறையில் குறை ஒன்று: போன் எடுக்கவே மாட்டார்கள், நேரில்தான் போக வேண்டும். ரசீதும் கேட்டு வாங்குங்கள்.