நுளம்பின் கதைக்கு எது தோது: கூத்தா, மேடை நாடகமா?

முல்லைத்தீவுப் பக்கம் விஞ்ஞான ஆசிரியரும் கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரும் சேர்ந்து நுளம்பின் வாழ்க்கையை ஆற்றுகை ஆக்கலாமா என்று கேட்கிறார்கள். கோவலன் கூத்து ஆடுகிற மண், தாராளமாகச் செய்யலாம். எந்த வடிவம் என்பதுதான் கேள்வி.

செலவு
கூத்து: மத்தளம், தாளம், வட்டக்களரி என்கிற வட்டமான ஆடுகளம்.
மேடை: மண்டபம், லைட், புரொஜெக்டர். கரண்ட் போனால் ஜெனரேட்டரும்.

ஒத்திகை
கூத்து: மாதக்கணக்கு. பாட்டும் புதிதாகக் கட்டவேண்டும்.
மேடை: சில வாரம்.

துல்லியம்
இங்கேதான் சுவாரசியம். மலேரியா பரப்பும் அனோபிலிஸ் நுளம்பின் குடம்பிக்கு, அதாவது நீரில் வாழும் புழுப் பருவத்துக்கு, நீண்ட சுவாசக்குழல் இல்லை. நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்துக் கிடக்கும். கியூலெக்ஸ் என்ற இன்னொரு நுளம்பின் குடம்பி தலைகீழாகச் சரிந்து தொங்கும். திரையில் இதைக் காட்டுவது சுலபம். கூத்தில் ஒருவர் படுத்தும் மற்றவர் சரிந்தும் ஆடினால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். "படுத்துக்கொண்டு எப்படித் தாளம் மிதிக்கிறது?" என்று அண்ணாவியார் கேட்பார். சரி, வழியையும் அவரே கண்டுபிடிப்பார்.

கோயில் வீதியில் ஊரே பார்க்கவென்றால் கூத்து. பாடசாலைப் போட்டி, நாளும் குறைவென்றால் மேடை. எதுவானாலும் டெங்குவையும் சேருங்கள். மலேரியா அற்ற நாடென்று இலங்கை 2016இலேயே உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கிவிட்டது. டெங்கு பரப்பும் ஈடிஸின் குடம்பியும் தொங்குகிற சாதிதான்.