ராமநாதபுரத்துல தார்ப்பாய் வாங்குன கடை – தராசுல வச்சு வாங்குங்க

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஓட்டு வீடு, சீட்டுக் கூரை வீடு வச்சிருக்கவங்க வாடை தொடங்கறதுக்கு முன்னாடியே தார்ப்பாய் வாங்கி வச்சிருங்க, பாம்பன்ல புயல் கூண்டு ஏத்துன பொறகு ஓடுனா மிச்சம் கெடக்குற சரக்குதான் கிடைக்கும், விலையும் அவங்க சொல்றதுதான். 2024 நவம்பர் 20 மழைக்கு யாரும் புயல்னு பேரு கூட வைக்கல, ஆனா ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டித் தீத்துருச்சு.

நான் வாங்குனது ராமநாதபுரம் பஜார்ல வலை, கயிறு, மிதவை விக்கிற ஒரு பழைய கடை. இங்க பெரிய வசதி என்னன்னா தராசு இருக்கு, வலையும் கயிறும் கிலோ கணக்குல விக்கிறவங்கல்ல. தார்ப்பாய்ல 200 ஜிஎஸ்எம்னு ஸ்டிக்கர் ஒட்டிட்டு 120ஐ தலையில கட்டுறது நெறய எடத்துல நடக்குது, கையால தடவிப் பாத்தா நமக்கு ஒண்ணும் புரியாது. ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் எத்தன கிராம்ங்கறதுதான், 18க்கு 24 அடி பாய் சுமாரா 40 சதுர மீட்டர், அப்ப 200 ஜிஎஸ்எம்னா எட்டு கிலோ கிட்ட நிக்கணும், அஞ்சு கிலோதான் காட்டுதுன்னா அது 120தான். தராசுல வைங்கன்னு கேட்டேன், கடைக்காரரு மூஞ்ச சுளிக்காம வச்சாரு, எடை சரியா இருந்துச்சு. இதுக்கே அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுத்துட்டேன்.

மிச்ச ஒண்ணு ஏன் குடுக்கலன்னா ஓரத்துல இருக்க வளையம். முதல்ல எடுத்துப் போட்டது இரும்பு வளையம், நம்ம உப்புக் காத்துல அது எத்தன நாள் தாங்கும் சொல்லுங்க, துருப்புடிச்சா சுத்தி இருக்க பாயையும் அரிச்சு கிழிச்சிரும். அலுமினியம் வேணும்னு நாமளா கேட்டாதான் உள்ள இருந்து வருது. பில்லும் கேட்டாத்தான். ஆன்லைன விட விலை கொஞ்சம் கூடதான், ஆனா ஆன்லைன்ல எங்க எடை போட்டுப் பாக்குறது?

கயிறும் அங்கயே எடுத்தேன், நைலான். வளையத்த மட்டும் நம்பிக் கட்டாதீங்க, காத்து உள்ள பூந்து படபடன்னு அடிச்சா மொதல்ல பிய்யறது அந்த எடம்தான். நம்ம ஆளுங்க ஓலைக் கூரைக்குப் பண்ற மாதிரி மேல பழைய வலைய விரிச்சு நாலு பக்கமும் இழுத்துக் கட்டுங்க, பாய் ஆடாது. பழைய வலைக்கு காசு குடுத்து வாங்காதீங்க, கரையில யார்ட்டயாவது கேட்டாலே தருவாங்க.

ஒண்ணு மட்டும், இது மழை ஒழுகாம இருக்கத்தான். புயல் காத்துக்கு சீட்டே பறக்கும், பாய் என்ன செய்யும், போகச் சொன்னா முகாமுக்குப் போயிருங்க, சந்தேகம்னா மாவட்ட கன்ட்ரோல் ரூம் 1077க்கு அடிங்க.

கடைல ஜிபே இருக்கு. பெரிய சைஸ் வாங்குறவங்க வண்டியோட போங்க, எட்டு கிலோ பாயோட பஸ்ல ஏறி எறங்குறது செரமம்.