பெரும்பாறை தாண்டி ஒரு சூப் கடை: ருசிக்குக் குறையில்லை, கிழங்கைப் பற்றித்தான் பேச்சு

வத்தலக்குண்டிலிருந்து சித்தரேவு வழியாகத் தாண்டிக்குடிக்கு ஏறுகிறவர்கள், பெரும்பாறை தாண்டியதும் நீலத் தார்ப்பாய் போட்ட ஒரு கடையைப் பார்த்திருக்கலாம். பெயர்ப் பலகை கிடையாது. "முடவாட்டுக்கால் சூப், 4448 வியாதிக்கும் நல்லது" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். முடவாட்டுக்கால் என்பது ஆட்டுக்கால் இல்லை, கிழங்கு என்று சொல்லி விற்கிற ஒரு மலைச் செடி. அந்த 4448-ஐ விட்டுத் தள்ளுங்கள். மனுசனுக்கு வருகிற மொத்த நோய்களுக்குச் சித்த வைத்தியத்தில் சொல்லும் கணக்கு அது. அத்தனையும் ஒரு டம்ளரில் தீருமென்றால் வத்தலக்குண்டில் இத்தனை மருந்துக்கடை எதற்கு? ஆனால் சூப் நன்றாக இருக்கிறது.

நான் தையல் கடை வைத்திருக்கிறேன். வருசக்கணக்காக மிஷின் மிதித்து முழங்கால் தேய்ந்துபோன கேஸ். தாண்டிக்குடியில் நாத்தனார் வீடு இருப்பதால் அடிக்கடி அந்தப் பக்கம் போவேன், போகும்போதெல்லாம் இங்கே ஒரு டம்ளர். மேல் ரோமத்தைக் கத்தியால் சுரண்டி எடுத்து, உள்ளே இளம்பச்சையாக இருக்கும் சதையை வில்லைகளாக நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்து அம்மியில் தட்டிக் கொதிக்க வைக்கிறார்கள். மிளகு அந்த மலையிலேயே விளைந்தது, தொண்டையில் இறங்கும்போதே தெரியும். சோளமாவு கலந்து கெட்டியாக்கும் வேலையெல்லாம் இல்லை. லேசான துவர்ப்பு, அதற்கு அடியில் எலும்பு சூப்பை நினைவுபடுத்தும் ஒரு வாசம். அசைவம் சாப்பிடாத என் மாமியார் இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினார்.

குறை ஒன்று உண்டு. சில நாள் டம்ளரின் அடியில் மணல் நறநறக்கும். கடைக்கார அம்மாவிடம் கேட்டேன்.

"அது பாறைக் கெழங்கு தாயி. எத்தன வாட்டி கழுவுனாலும் இடுக்குல மண்ணு நிக்கும். எஸ்டேட் கெழங்குன்னா பட்டைதான் ஒட்டியிருக்கும், மணல் வராது" என்றார்.

இந்தப் பதிலில்தான் விசயமே இருக்கிறது. மகள் தாவரவியல் படிக்கிறாள், நானும் மாடியில் பெரணி (ஃபெர்ன் செடி) வளர்க்கிறேன், அதனால் அவர் சொன்னதைச் சும்மா விட முடியவில்லை. நாம் கிழங்கு என்று வாங்குவது மண்ணுக்குள் விளைவதே இல்லை. டிரைனேரியா குவெர்சிபோலியா என்ற பெரணியின் தண்டு அது. பாறை மேலும் மரக்கிளை மேலும் படர்ந்து ஓடும். பழுப்பு ரோமம் மூடி, ஆட்டின் கால் மாதிரியே இருக்கும். இதற்கு இரண்டு வகை இலை. ஒன்று நீளமாக, பச்சையாக, ஆழமாக வெட்டுப்பட்டது. அந்த இலையின் பின்புறத்தில்தான், விதைக்குப் பதிலாக இருக்கும் வித்துத்தூள் புள்ளி புள்ளியாக வரும். இன்னொன்று குட்டையானது. சீக்கிரமே காய்ந்து பழுப்பாகிவிடும், ஆனால் உதிராது. தண்டை ஒட்டிக் கூடை போலக் குவிந்து நின்று, மேலிருந்து விழும் சருகையும் தூசியையும் பிடித்து வைக்கும். அது மக்கித்தான் செடிக்கு உரம். மொட்டைப் பாறையில் தனக்கு வேண்டிய மண்ணைத் தானே சேர்த்துக்கொள்கிறது. கோடையில் பச்சை இலைகள் உதிர்ந்து ஈர்க்கு மட்டும் நிற்கும்போது செத்துவிட்டது என்றுதான் தோன்றும். மழை விழுந்ததும் மறுபடி துளிர்க்கும்.

இது அரிய செடியா என்றால் இல்லை. இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா முழுக்க, கடல் தாண்டி ஆஸ்திரேலியாவின் வடக்குப் பக்கம் வரை இருக்கிறது. கேரளத்தில் சாலையோர மரங்களிலேயே தொற்றிக்கொண்டு நிற்கும். அதனால் "அழியும் நிலையில் உள்ள அபூர்வ மூலிகை" என்று சொல்லி விற்கிறவரையும் நம்பாதீர்கள், "எவ்வளவு எடுத்தாலும் குறையாது" என்கிறவரையும் நம்பாதீர்கள். உலகக் கணக்கில் நிறைய இருப்பது வேறு, பெரும்பாறைச் சரிவில் ஒரு பாறையில் இருப்பது வேறு. கடப்பாரை போட்டு நெம்பினால் பாய் சுருட்டுவதாட்டம் மொத்தப் படர்த்தியும் கையோடு வந்துவிடும். பல வருசம் சேர்ந்த மக்கும், அதில் வேர்விட்டிருந்த ஆர்க்கிட், பாசி எல்லாமும் கூடவே போகும். வித்துத்தூளிலிருந்து புதுச்செடி வர ஈரம் வேண்டும், நிழல் வேண்டும். சுட்டுக் கிடக்கும் மொட்டைப் பாறையில் அது சட்டென்று நடக்கிற காரியமில்லை. முளைத்து வந்தாலும், தண்டு கைப்பிடி கனத்துக்குத் தேறப் பல வருசம் ஆகும்.

எஸ்டேட் கிழங்கு அப்படியில்லை. காப்பித் தோட்டத்தில் நிழல் மரங்களைக் கவாத்து பண்ணும்போது கிளையோடு சேர்ந்து இதுவும் கீழே விழுகிறது. முன்பெல்லாம் குப்பையோடு குப்பையாகக் கிடந்தது, இப்போது காசு. எடுப்பதால் யாருக்கும் நட்டமில்லை. சூப்பில் மணலும் இல்லை!

ஆகவே கடையில் உட்கார்ந்ததும் "இன்னிக்கு எந்தக் கெழங்கும்மா?" என்று கேளுங்கள். அந்த அம்மா மறைக்காமல் சொல்கிறார். பாறைக் கிழங்கு என்றால் நான் சுக்குக் காப்பி வாங்கிக்கொள்கிறேன், அதுவும் மோசமில்லை. கேட்கிறவர்கள் கூடினால் எஸ்டேட் கிழங்கையே வாங்கிப் போடுவார் என்பது என் கணக்கு. இன்னொரு விசயமும் அவரிடம் சொல்லியிருக்கிறேன்: நுனி முளையோடு ஒரு சாண் தண்டை விட்டுவிட்டுப் பின்பக்கத்தை மட்டும் அறுத்தால் செடி தொடர்ந்து ஓடும். "எடுத்தாறவன்ட்ட சொல்றேன் தாயி" என்றார். சொன்னாரா என்று அடுத்த தடவை கேட்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டதில் இந்த மலைக் காட்டில் பெரும்பகுதி அதற்குள் வந்துவிட்டது. அனுமதியில்லாமல் உள்ளே போய்ச் செடி பிடுங்குவது குற்றம். காலங்காலமாகக் காட்டில் பொருள் சேகரித்து வாழும் பளியர் மக்களுக்கு 2006 வன உரிமைச் சட்டம் தருகிற உரிமை வேறு. அதைக் காட்டி, வேனில் மூட்டை மூட்டையாக ஏற்றுகிறவர்கள் தப்பிக்க முடியாது. சுற்றுலா வருகிறவர்கள் வண்டியை நிறுத்திவிட்டுத் தாங்களே பாறையைச் சுரண்டுவதையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். மாடியில் வளர்க்க ஆசையாக இருந்தால் கவாத்தில் விழுந்த துண்டு ஒன்றை, முளை இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, மரக்கட்டையில் தேங்காய் நார் வைத்துக் கட்டுங்கள். தொட்டி மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். என் வீட்டில் ஒன்று நன்றாகவே இருக்கிறது.

முழங்கால்? சூடாகக் குடித்தால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கிறது, அது மிளகாலும் இருக்கலாம். இந்தத் தண்டைப் பற்றி நடந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை சோதனைக் குழாயிலும் எலிகளிடமும் நடந்தவைதான். டாக்டர் கொடுத்த மாத்திரையை நான் நிறுத்தவில்லை, நீங்களும் நிறுத்தாதீர்கள்.

வேறொரு இடத்தில் பாக்கெட்டில் இதே கிழங்குப் பொடி வாங்கினேன். பழைய சாக்கு வாசம், எங்கே எடுத்தது என்று ஒரு வரி கூட இல்லை, சர்க்கரை முதல் தொப்பை வரை எல்லாம் குறையும் என்று மட்டும் அச்சடித்திருந்தார்கள். அந்தக் காசுக்கு இங்கே குடும்பத்தோடு சூப் குடிக்கலாம்.

டம்ளர் 30 ரூபாய். காலை எட்டு மணி வாக்கில் அடுப்புப் பற்ற வைக்கிறார்கள், மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பைக் கூட்டம் அதிகம், உட்கார இடம் கிடைக்காது. ஜிபே அட்டை ஒட்டியிருக்கிறது, சிக்னல்தான் வராது. சில்லறை எடுத்துப் போங்கள். ஐந்துக்கு நான்கு தருகிறேன், மணல் இல்லாத நாளில் நாலரை.