பள்ளிக்கூடமா, ஊர் வீடா? கம்போடியா போகிறவர்களுக்கு

அங்கோர்வாட் போகிறோம், அப்படியே ஒரு கிராமத்தையும் அங்குள்ள பள்ளியையும் பார்த்துவிட்டு வரலாமா என்று தொண்டி, கீழக்கரைப் பக்கத்து நண்பர்கள் கேட்கிறார்கள். நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, அங்கோர்வாட் பக்கத்து நகரமான சியாம் ரீப்பில் விற்கப்படும் அரைநாள் படகுப் பயணம். தொன்லே சாப் ஏரிக்கரையில் கம்போங் ப்ளுக் போன்ற ஊர்களில் வீடுகள் உயரமான கால்களின் மேல் நிற்கின்றன. மழைக்காலத்தில் மீகாங் ஆற்று வெள்ளம் எதிர்த்து ஏறி ஏரியைப் பல மடங்கு பெருக்கிவிடும். பார்க்க வேண்டிய இடம்தான். சில படகுகள் பள்ளிக்கூடத்திலும் நிற்கும்போதுதான் சிக்கல். வழியில் ஒரு கடையில் இறக்கி, பிள்ளைகளுக்கென்று நோட்டும் அரிசியும் வாங்கச் சொல்வார்கள். விலை அதிகம் என்பது பயணிகள் பலரின் புகார். கம்போடியத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் காலையில் ஒரு பிரிவு, பிற்பகலில் ஒரு பிரிவு. ஒரு பிள்ளைக்குக் கிடைப்பதே அரைநாள் படிப்பு. அதையும் நாம் பங்கு கேட்கிறோம்.

இது எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. எங்கள் பக்கத்து மீனவ ஊர்ப் பள்ளி ஒன்றில் வெளிநாட்டுப் பயணிகள் நுழைந்தபோது நான் அங்கே இருந்தேன். மூன்றாம் வகுப்பில் கழித்தல் கணக்கு. கடன் வாங்கிக் கழிப்பதைப் பாதி எழுதியிருந்த ஆசிரியை, சாக்கட்டியை வைத்துவிட்டுப் பிள்ளைகளை எழுப்பிப் பாடச் சொன்னார். மிட்டாய் முன்வரிசையோடு தீர்ந்தது. கடைசி வரிசைச் சிறுமி கேமராவைக் கண்டதும் பையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அவர்கள் கிளம்பும்போது மணி அடித்துவிட்டது. கணக்கு பலகையிலேயே நின்றது.

அனாதை இல்லத்தையும் காட்டுகிறோம் என்றால் உறுதியாக மறுத்துவிடுங்கள். அங்கே இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். பயணிகளின் பணத்துக்காகவே பிள்ளைகளைச் சேர்க்கும் இல்லங்கள் உண்டு. குழந்தைகள் சுற்றுலாக் காட்சிகள் அல்ல என்று ஃபிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பு 2011இல் இயக்கம் தொடங்கியது இதனால்தான்.

இன்னொரு வழி, தென்மேற்கே கோ கோங் மாகாணத்துச் சீ பாத் போன்ற ஊரில் தங்குவது. மரம் வெட்டியும் வேட்டையாடியும் பிழைத்த ஊர் அது. வைல்ட்லைஃப் அலையன்ஸ் என்ற காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்பின் உதவியோடு 2007இல் சுற்றுலாவுக்கு மாறியது. பழைய வேட்டைக்காரர்கள் சிலர் இன்று காட்டுக்குள் வழிகாட்டிகள். ஊர் வீடுகளிலேயே தங்கலாம். தொண்டிப் பக்கத்து நம் காரங்காட்டைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்: இங்கே சுற்றுலாவை வனத்துறையும் ஊரும் சேர்ந்து நடத்துகின்றன, அலையாத்திக் காட்டுக்குள் படகில் அழைத்துப் போகிறவர் உள்ளூர்க்காரர், நண்டும் மீனும் சமைத்துப் போடுவது ஊர்ப் பெண்கள். எதைக் காட்டுவது, எவ்வளவு வாங்குவது என்பதைப் பெரியவர்கள் பேசி முடிவு செய்கிறார்கள். பிள்ளைகள் அவர்கள் பாட்டுக்குப் பள்ளிக்குப் போய் வருகிறார்கள்.

குறையும் உண்டு. சியாம் ரீப்பிலிருந்து சீ பாத் போய்ச் சேரவே ஒரு பகல் முழுக்க வேண்டும். வசதியான அறையை எதிர்பார்க்கக் கூடாது; மழைக்காலத்தில் காட்டில் அட்டைக்கடி. இருந்தாலும் இரண்டில் என் தேர்வு இதுதான். நாள் குறைவு என்றால் ஏரியைப் பாருங்கள், பள்ளி நிறுத்தத்தை வேண்டாம் என்று டிக்கெட் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். பள்ளிக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், தங்கும் ஊரின் குழுவிடம் எது தேவை என்று கேட்டு அவர்கள் கையிலேயே பணத்தைக் கொடுங்கள். வகுப்பறை வரை நீங்கள் போக வேண்டியதில்லை.