நேராக ஒட்டுவதா, கவிழ்த்து ஒட்டுவதா?

நான் முதன்முதலில் செய்த மொசைக், ஒரு சின்ன மேசையின் மேல்பலகை. உடைந்த பீங்கான் தட்டு, மிச்சம் கிடந்த சுவர் டைல்ஸ், கொஞ்சம் கண்ணாடிச் சில்லு என்று கையில் கிடைத்ததையெல்லாம் பலகையில் பசை தடவி ஒட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தண்ணீர் டம்ளரை வைத்ததும் ஆடியது. தடவிப் பார்த்தால் ஒரு சில்லு மேடு, பக்கத்துச் சில்லு பள்ளம். தட்டுத் துண்டின் விளிம்பு விரலைக் கீறியது. கடைசியில் கால்களைக் கழற்றிவிட்டுப் பலகையை மட்டும் சுவரில் மாட்டினேன். அங்கே அது நன்றாகவே இருக்கிறது.

ஒட்டியதில் பிழை இல்லை. மேசைக்கு ஏற்ற முறை அது இல்லை, அவ்வளவுதான்.

வீட்டில் மொசைக் செய்ய முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று நேர்முறை: சில்லின் முகம் நம்மைப் பார்த்தபடி, நேரே பலகை மேலேயே ஒட்டிக்கொண்டு போவது. இன்னொன்று கவிழ்ப்பு முறை: ஒரு பிரௌன் தாளில் படம் வரைந்து, சில்லுகளை முகம் கீழாக, தண்ணீரில் கரையும் பசையால் ஒட்டுவது. காய்ந்த பிறகு பலகையில் சிமென்ட் பசை பரப்பி, தாளோடு அப்படியே கவிழ்த்து அழுத்தி, தாளை நனைத்து உரித்துவிட வேண்டும்.

இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? எல்லாம் சில்லின் தடிமனுக்காக. கண்ணாடி மொசைக் சில்லு பெரும்பாலும் 4 மி.மீ. தடிமன் இருக்கும். சுவர் டைல்ஸ் அதைவிடத் தடிமன், தரை டைல்ஸ் இன்னும் தடிமன். நேராக ஒட்டினால் அடிப்பக்கம் சமமாக இருக்கும், மேல்பக்கம் ஏறி இறங்கும். கவிழ்த்து ஒட்டும்போது எல்லா முகமும் ஒரே தாளில் படிந்து கிடக்கிறது. மேடு பள்ளம் முழுக்க முதுகுப் பக்கம் போய்ச் சிமென்டுக்குள் மறைந்துவிடும். மேசை, தட்டம், தரை மாதிரி சமமாக இருந்தே ஆக வேண்டியவற்றுக்குக் கவிழ்ப்பு முறைதான் சரி.

ஆனால் எல்லாச் சில்லும் கவிழ்ப்புக்கு ஒத்துவராது. மெருகிட்ட டைல்ஸில் நிறம் மேல்பூச்சில் மட்டும்தான். முதுகைத் திருப்பினால் நீலமும் பச்சையும் ஒரே மண் நிறம். எதை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்வது போலாகிவிடும். கடையில் 20 மி.மீ. சதுரமாக வரும் கண்ணாடிச் சில்லில் நிறம் உடம்பு முழுக்க ஓடுகிறது, முதுகைப் பார்த்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். தட்டு, கோப்பைத் துண்டுகளைக் கவிழ்ப்புக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். வளைந்த துண்டு தாளில் படியாது, இடுக்கு வழியாகச் சிமென்ட் கசிந்து முகத்தில் அப்பிக்கொள்ளும்.

நேர்முறையின் பெரிய சுகம், செய்வது அப்போதே கண்ணுக்குத் தெரிவது. ஒரு சிவப்பு தூக்கலாகத் தெரிந்தால் பசை காய்வதற்குள் நெம்பி எடுத்துவிடலாம். மேடு பள்ளமும் எப்போதும் குறை இல்லை. இத்தாலியின் ரவென்னா நகரில், 547-இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் விட்டாலே தேவாலயத்தின் மொசைக் மினுங்குவதற்குக் காரணமே அதுதான். ஈரச் சாந்தில் ஒவ்வொரு சில்லும் சற்றே வேறு கோணத்தில் பதிந்திருக்கிறது. நாம் நகர நகர ஒளி இடம் மாறுகிறது. கவிழ்த்து ஒட்டியதில் இந்த விளையாட்டு கிடையாது. கவிழ்ப்பு முறை பெயர் வாங்கியது 19-ஆம் நூற்றாண்டில், வேகத்துக்காக. 1875-இல் திறக்கப்பட்ட பாரிஸ் ஓப்பரா கட்டடத்துக்கு ஜான் டொமெனிகோ ஃபக்கீனா என்ற இத்தாலியர் மொசைக்கைப் பட்டறையிலேயே தாளில் ஒட்டித் தயார்செய்து, கொண்டுபோய்ப் பதித்தார். சாரம் கட்டி அதன் மேல் நின்று ஒவ்வொரு சில்லாகப் பதிக்கும் வேலை மிச்சம்.

கவிழ்ப்பில் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக் கதவு எண் 27. கண்ணாடிச் சில்லில் நுணுக்கமாக வெட்டி, தாளில் அழகாக ஒட்டி, கவிழ்த்து, அழுத்தி, ஈர ஸ்பாஞ்சால் ஒற்றினேன். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தாள் கருத்து, ஊறி, மூலை எழும்பியது. மேலே தூக்காமல், பலகையை ஒட்டினாற்போல் படுக்கவைத்து மெல்ல இழுக்க வேண்டும். இழுத்தேன். கண்ணாடியில் பார்ப்பதுபோல் 7 இடப்பக்கம், 2 வலப்பக்கம், இரண்டுமே திரும்பி நின்றன. தாளில் வரையும்போதே படத்தை இடம் வலம் மாற்றி வரைய வேண்டும் என்பது தெரியாததல்ல, அன்றைக்கு மறந்துவிட்டேன். பூவுக்கும் மீனுக்கும் இந்தக் கவலை இல்லை. எழுத்து, எண், கடிகாரம் என்றால் தாளின் பின்பக்கம் வெளிச்சம் பிடித்து ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

தாளில் ஒட்ட மைதாப் பசை போதும். வெள்ளைப் பசை என்றால் சம அளவு தண்ணீர் கலந்து நீர்க்கவிட வேண்டும், இல்லாவிட்டால் தாள் உரியாமல் சில்லையும் பிடுங்கிக்கொண்டு வரும். ஓரிரண்டு எப்படியும் வரும். சிமென்ட் இறுகுவதற்குள் திரும்ப அமுக்கிவிடலாம்.

வலையில் ஒட்டும் மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. வரைபடத்தின் மேல் பிளாஸ்டிக் தாள், அதன் மேல் கண்ணாடியிழை வலை, அதில் முகம் மேலாகச் சில்லு. பெரிய சுவர் வேலையைத் துண்டு துண்டாகச் செய்து தூக்கிப்போக உதவும். மேற்பரப்பு சமமாகாது என்பதால் மேசைக்காரருக்கு இதனால் லாபம் இல்லை.

பசையிலும் இரண்டு முறைக்கும் வித்தியாசம் உண்டு. நேர்முறையில், வீட்டுக்குள் ஈரம் படாத படத்துக்கு வெள்ளைப் பசையே போதும். தினம் அரைமணி நேரம் என்று ஒரு மாதம்கூட இழுக்கலாம். குளியலறைக்கும் வெளிச்சுவருக்கும் அது வேண்டாம், ஈரத்தில் இளகி ஒவ்வொன்றாக உதிரும். கவிழ்ப்புக்குச் சிமென்ட் பசைதான். பரப்பிவிட்டால் அது நமக்காகக் காத்திருக்காது, முதல் முறை ஒரு அடிச் சதுரத்தைத் தாண்டாதீர்கள். ஒளி ஊடுருவும் கண்ணாடி என்றால் வெள்ளைச் சிமென்ட் பசையாக இருக்கட்டும். சாம்பல் நிறம் பின்னாலிருந்து எட்டிப்பார்த்து மஞ்சளை அழுக்காக்கும்.

சில்லுகளுக்கு நடுவே இடுக்கை நிரப்பும் சாந்தான கிரவுட் பூசுவது இரண்டுக்கும் பொது. இடைவெளி 3 மி.மீ.க்குள் இருந்தால் மணல் கலக்காதது, அதற்கு மேல் மணல் கலந்தது. துடைக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். சமமான பரப்பில் நாலு துடைப்பில் முகம் வெளுத்துவிடும். மேடு பள்ளமான பரப்பில் பள்ளத்துச் சில்லெல்லாம் கிரவுட்டுக்குள் முங்கிவிட, குச்சியை வைத்து ஒவ்வொன்றாகத் தோண்டிக்கொண்டிருப்பீர்கள். கழுவிய தண்ணீரை வாளியிலேயே தெளியவிடுங்கள். தொட்டியில் ஊற்றினால் குழாய்க்குள் போய் இறுகிவிடும்.

இப்போது அதே மேசைக்கு இன்னொரு மேல்பலகை செய்துகொண்டிருக்கிறேன். தாளில் பாதி ஒட்டியாகிவிட்டது, எல்லாம் கண்ணாடிச் சில்லு, முதுகு மேலாக. எண் எதுவும் அதில் கிடையாது.