ஜீப் புரொப்பல்லர் ஷாஃப்ட்: இணைக் கோணமா, இரட்டை ஜாயின்டா?

பெங்களூரில் பழைய ஜீப்பைப் பிரித்துக் கட்டுகிறவர்கள் ஜே.சி. ரோட்டுக்குப் போனால் முதலில் விசாரிப்பது வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், டயர், அப்புறம் கியர்பாக்ஸ். சுழற்சியை ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணத்தைப் பற்றிய பேச்சு, வண்டி ஓடி நடுக்கம் வந்த பிறகுதான் எழும். எனக்கும் அப்படித்தான் ஆனது. புதிதாக வைத்த ஐந்து கியர் பாக்ஸ் பழையதைவிட நீளம் என்பதால் பின் ஷாஃப்டை 60 சென்டிமீட்டராகக் குறைத்தோம். அதோடு 3 இன்ச் லிஃப்டும் சேர்ந்தது. நைஸ் ரோட்டில் 70-ஐத் தாண்டியதும் காலடித் தகடு அதிர்ந்தது. கிளட்சை மிதித்து உருட்டினாலும் அதிர்வு அடங்கவில்லை. அப்படியானால் கோளாறு இன்ஜினில் இல்லை.

ஷாஃப்டின் இரு முனையிலும் இருக்கும் மடங்கும் இணைப்பான சாதாரண யூனிவர்சல் ஜாயின்ட், கோணத்தில் நிற்கும்போது சீராகச் சுற்றுவதில்லை. இந்தப் பக்கம் ஒரே வேகத்தில் சுற்றினாலும், அந்தப் பக்கம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை முந்தி இரண்டு முறை பிந்தும். 3 டிகிரியில் இந்த ஏற்ற இறக்கம் 0.14 சதவீதம்தான். 8 டிகிரியில் அது ஏறக்குறைய 1 சதவீதம், 20 டிகிரியில் 6 சதவீதம்.

இதற்கு இணை அமைப்பு சொல்லும் வழி எளிது. டிரான்ஸ்ஃபர் கேஸின் (கியர்பாக்ஸுக்குப் பின்னால் சுழற்சியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரிக்கும் பெட்டியின்) தண்டும், பின் ஆக்ஸிலுக்குள் சுழற்சியை வாங்கும் பினியன் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், வித்தியாசம் 1 டிகிரிக்குள். அப்போது முன் ஜாயின்ட் உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தைப் பின் ஜாயின்ட் சமன்செய்துவிடும். ஆனால் கோணத்தை ஒரேயடியாகப் பூஜ்யமாக்கிவிடவும் கூடாது. அரை டிகிரியாவது இல்லாவிட்டால் கிராஸில் (ஜாயின்டின் நடுவே உள்ள கூட்டல் குறி வடிவத் துண்டில்) உள்ள ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுந்தித் தடம் போடும். இந்த அமைப்பின் பெரிய பலம், ஒரு கிராஸ் போனால் எந்த ஊரிலும் வாங்கி அரை மணியில் மாற்றிவிடலாம்.

ஆனால் பினியன் சீராகச் சுற்றினாலும், நடுவில் உள்ள ஷாஃப்ட் அந்த ஏற்ற இறக்கத்தோடுதான் சுற்றுகிறது. வேகம் ஏற ஏற அதன் உதறல் கூடும். அதனால்தான் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2500 சுற்று ஓடினால் 7 டிகிரி, 3000-ல் 6-க்குச் சற்றுக் கீழே, 4000-ல் 4.25 என்று வரம்பு வைக்கிறார்கள். என் ஜீப்பின் ஆக்ஸில் விகிதம் 5.38. 80 கி.மீ. வேகத்தில் ஷாஃப்ட் ஏறக்குறைய 3200 சுற்று ஓடும். என் ஜாயின்ட் கோணமோ 8 டிகிரி. இரண்டு தண்டுகளும் துல்லியமாக இணையாக இருந்தும் ஏன் நடுங்கியது என்பது அப்போதுதான் விளங்கியது.

இரட்டை ஜாயின்ட், அதாவது டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் அடுத்தடுத்து வைத்த இரண்டு யூனிவர்சல் ஜாயின்ட், அந்த 8 டிகிரியை நாலு, நாலாகப் பிரித்துக்கொள்ளும். பினியன் மூக்கு நேராக ஷாஃப்டைப் பார்த்து நிற்க வேண்டும். சக்லேஷ்பூர் பக்கம் சேற்றிலும் பாறையிலும் ஏற்றுவதற்காக 4 இன்ச்சுக்கு மேல் உயர்த்திய வண்டிக்கு இதுவே சரி, அங்கே நான் வேறு எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் தலை நீளம், குட்டி ஷாஃப்டில் மிச்சம் இருக்கும் இடத்தையும் தின்றுவிடும். பினியன் மூக்கு மேலே தூக்கினால் முன் பேரிங்குக்கு எண்ணெய் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த இரண்டு ஜாயின்டுக்கும் நடுவில் உள்ள பந்து தூசியிலும் தண்ணீரிலும் தேயும்.

நடு பேரிங் வைத்து ஷாஃப்டை இரண்டாக்குவது நீண்ட சேஸிஸுக்கான வேலை. குட்டை ஜீப்புக்கு அது வேண்டாம்.

தினமும் சாலையில் ஓட்டும் ஜீப்புக்கு என் தேர்வு இணை அமைப்புதான், ஆனால் லிஃப்டைக் குறைத்து. நான் 3 இன்ச்சை ஒன்றரை ஆக்கினேன், கோணம் நாலரைக்கு வந்தது. லீஃப் ஸ்பிரிங் பட்டை உள்ள வண்டியில் ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் பினியன் மூக்கு மேலெழும். அதனால் நிற்கும்போது இணையைவிட 2 டிகிரி தாழ்த்தி வைக்க வேண்டும். அதற்குப் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே இரும்பு ஆப்பு போட்டேன். அலுமினிய ஆப்பு நசுங்கும், வேண்டாம். அளக்கும்போது வண்டி நான்கு சக்கரத்திலும் தன் பாரத்தோடு நிற்க வேண்டும். சேஸிஸை ஜாக்கியில் தூக்கிப் பிடித்து அளந்த கணக்கு உதவாது.

இன்னொன்று. ஷாஃப்டை வெட்டிக் கொடுத்த லேத்துப் பட்டறையில் இரு முனைக் கவைகளையும் (கிராஸைப் பிடிக்கும் முட்கரண்டி போன்ற முனைகளையும்) ஒரே நேர்கோட்டில் வைக்காமல் வெல்டிங் செய்திருந்தார்கள். அப்படி இருந்தால் எவ்வளவு துல்லியமாகக் கோணம் வைத்தாலும் இரண்டு ஜாயின்டும் ஒன்றையொன்று சமன்செய்யாது. மறுபடி வெட்டி ஒட்ட வேண்டியதாயிற்று. இப்போது ஷாஃப்டின் இரு துண்டும் பற்களால் கோர்க்கும் ஸ்பிளைன் இணைப்பின் இரு பக்கமும் சென்டர் பஞ்சால் புள்ளி குத்தி வைத்திருக்கிறேன். யார் கழற்றினாலும் ஒரு பல் மாறாமல் திரும்பப் பூட்டலாம்.