பழைய ஜெர்மன் சவரக்கத்தியும் அதன் அடிமூலையும்

குடியாத்தத்து நண்பன் ஒருவன் ஒரு மடக்குச் சவரக்கத்தியின் படத்தை அனுப்பி, “மச்சான், ஜெர்மனி மேக்காம், 2000 சொல்றான், எடுக்கலாமா?” என்று கேட்டிருந்தான். படத்தில் கத்தி பளபளவென்று இருக்கிறது. எனக்கு அதுதான் இடிக்கிறது. பழைய கத்தி புதுசு மாதிரி மின்னினால் யாரோ அதை மெஷின் சக்கரத்தில் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தச் சூட்டில் விளிம்போரம் பழுப்போ நீலமோ ஓடிவிட்டால் இரும்பின் பதம் போய்விடும். அப்புறம் எந்தக் கல்லில் தீட்டினாலும் கூர் நிற்காது. நிறத்தையும் பாலிஷ் போட்டு மறைத்துவிடுவார்கள் என்பது இன்னொரு தொல்லை.

அவனுக்கு ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் நானும் இப்படி ஒரு கத்தியைப் பல வருஷமாகத் திட்டிக்கொண்டே பயன்படுத்துகிறேன். கேட்டுவிட்டான், முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

என்னுடையது வேலூரில் ஒரு காயலான் கடையில் கிடைத்தது. 5/8 அங்குல அகலம், அதாவது 16 மில்லிமீட்டர் வாக்கில். இரண்டு பக்கமும் நன்றாகக் குழித்து இழைத்த அலகு. அலகைப் பிடியோடு சேர்க்கும் தண்டில் கம்பெனிப் பெயர் தேய்ந்துவிட்டது. ‘சோலிங்கன்’, ‘ஜெர்மனி’ இரண்டும்தான் படிக்க முடிகிறது. சோலிங்கன் என்பது ஊர், கம்பெனி இல்லை. முதல்தரக் கத்தியும் அங்கேதான் செய்தார்கள், மட்டமானதும் அங்கேதான். அந்தப் பேரைச் சொல்லி 500 ரூபாய் ஏற்றினால் கொடுக்காதீர்கள். நாட்டின் பெயர் மட்டும் வயதுக்கு ஒரு தடயம். வெளிநாட்டுச் சரக்கில் எங்கே செய்தது என்று போட வேண்டும் என்ற சட்டம் பிரிட்டனில் 1887லும், அமெரிக்காவில் 1890லும் வந்தது. அதனால் ‘ஷெஃபீல்டு’ என்று மட்டும் இருந்து ‘இங்கிலாந்து’ இல்லையென்றால் அதற்கு முந்தைய கத்தியாக இருக்க வாய்ப்பு அதிகம். இதெல்லாம் சேகரிப்பவர்களுக்கு முக்கியம். தாடைக்கு வயது தெரியாது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த இரும்பு அபாரம். விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் பக்கவாட்டில் லேசாகச் சுண்டினால் ‘ணிங்’ என்று இழுத்து ஒலிக்கும். குழித்து இழைத்த அலகில் விரிசல் எதுவும் இல்லை என்பதற்கு அது ஓரளவு நம்பகமான அடையாளம். விரிசல் இருந்தால் பெரும்பாலும் மொட்டையாக நின்றுவிடும். மூன்று நாள் தாடியில் அது போகும்போது சரசரவென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்த நாட்கள் உண்டு.

சரி, இப்போது அடிமூலை, அதாவது விளிம்பு பிடிப்பக்கம் முடியும் மூலை. அதற்கு முன் முதுகைச் சொல்ல வேண்டும். சவரக்கத்தியின் முதுகு வெறும் முதுகு இல்லை, தீட்டும்போது கோணத்தைத் தீர்மானிப்பதே அதுதான். அலகைக் கல்லில் படுக்கவைத்தால் முதுகும் விளிம்பும் சேர்ந்து கல்லைத் தொடும். 16 மில்லிமீட்டர் அகலத்துக்கு நாலரை மில்லிமீட்டர் முதுகு என்றால் விளிம்புக் கோணம் 16 டிகிரி. செய்தவன் கணக்குப் போட்டு வைத்தது இது. முதுகில் ஒரு மில்லிமீட்டர் போனால் கோணம் 13க்குக் கீழே இறங்கிவிடும். விளிம்பு மெலிந்து பொடிப்பொடியாக உதிர ஆரம்பிக்கும்.

என் கத்தியை முன்பு வைத்திருந்த புண்ணியவான் அழுத்தித் தீட்டியிருக்கிறார். முதுகில் ஒரு பக்கம் மூன்று மில்லிமீட்டருக்குத் தட்டையாகிவிட்டது, மறுபக்கம் ஒன்றுகூட இல்லை. அதோடு விட்டாரா? பிடியை ஒட்டிய தடித்த தோள்பகுதியையும் கல்மேல் ஏற்றியிருக்கிறார். தோள் கல்லில் ஏறினால் பக்கத்து விளிம்பு கல்லைத் தொடாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். நடுப்பகுதி தேயத் தேய, அந்த அடிமூலை மட்டும் தேயாமல் கொக்கி போல வெளியே நீட்டிக்கொண்டது. அந்த இடத்து விளிம்பு மொண்ணை, மூலையோ முள். வெட்ட வேண்டிய மயிரை வெட்டாது. காது மடலைத் தவறாமல் கீறும்.

வைரப்பொடி பதித்த தீட்டும் தட்டில் தண்ணீர் விட்டு மெதுவாக அந்த மூலையை உருட்டினேன். வெட்டு கீறலாகக் குறைந்தது, நிற்கவில்லை. முழுதாகச் சரிசெய்ய விளிம்பு நெடுக இரண்டு மில்லிமீட்டர் இரும்பைத் தேய்த்துத் தள்ள வேண்டும். மனசு வரவில்லை. முதுகில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டித் தீட்டுகிறேன், கோணம் கொஞ்சம் மீள்கிறது. ஆனால் ஒருபக்கத் தேய்மானத்துக்கு டேப் மருந்து இல்லை.

கைப்பிடி செல்லுலாய்டு, ஆமையோட்டுச் சாயம். மோந்து பார்த்தேன், கற்பூர வாடை மட்டும். புளித்த, மூக்கைக் குத்தும் நெடி அடித்தால் அது மக்க ஆரம்பித்துவிட்டது. அந்த ஆவியே அலகைத் துரு ஏற்றிவிடும். ஐப்பசி மழையில் சும்மாவே துரு பிடிக்கும், தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி போதும்.

கல்லுக்குப் பிறகு கத்தியைத் தீட்டும் தோல் வாருக்கு மட்டும் நம் வேலூர்ப் பக்கத்தில் குறையில்லை. ஆம்பூர், ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு என்று சுற்றிலும் தோல் பதனிடும் டேனரிதான். ஷூவுக்குப் போகும் குரோம் தோலைக் கேட்டு வாங்காதீர்கள், மெத்தென்று அமுங்கி விளிம்பை மழுக்கிவிடும். பட்டை போட்டுப் பதனிட்ட கெட்டித்தோல் கேளுங்கள். ஒரு காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் ஆவாரம்பட்டைதான். என் வார் ஒரு டேனரி நண்பர் தந்த துண்டு, கத்தியைவிட அதன்மேல்தான் எனக்குப் பெருமை. தாடியை எடு, மீசையைக் கத்தரி என்று 1805இல் வெள்ளைக்காரன் போட்ட உத்தரவும், தலைப்பாகையில் வைத்த தோல் குஞ்சமும் சேர்ந்து 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கிய ஊர் இது. சவரத்தையும் தோலையும் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு.

என் கத்திக்கு ஐந்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டால் இன்றைக்கு இரண்டுதான். காலையில் காதுக்குக் கீழே போட்ட கோடு இன்னும் எரிகிறது. ஆனால் விற்பதாக இல்லை, யாரும் கேட்க வேண்டாம்.

நண்பா, கடைக்காரரிடம் பளபளப்பைக் காட்டும் படம் வேண்டாம் என்று சொல். முதுகை மேலிருந்து ஒன்று, அடிமூலையைக் கிட்டத்தில் ஒன்று, விளிம்போரம் இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் ஒன்று எடுத்து அனுப்பச் சொல். விளிம்பை ஒட்டிக் கரும்புள்ளிக் குழி இருந்தால் வேண்டாம். நடு அலகில் இருந்தால் பரவாயில்லை. முதுகுத் தட்டை இரு பக்கமும் ஒரே அகலத்தில் மெல்லிசாக இருந்தால் 1500க்குப் பேசு. படம் எடுக்க முடியாது என்றால் விட்டுவிடு, அடுத்த மாதம் வேறு கத்தி வரும்.